நாரி வலிக்கு ஒஸ்டியோபாத்திடம் போகலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. லண்டன் ஹரோவில் இருக்கிறேன், கெயார் ஹோமில் வேலை. மூன்று மாதமாக நாரி வலி. இப்போது இடது காலின் பின்பக்கமாக இறங்கி கெண்டைக்கால் வரை இழுக்கிறது. ஜீ.பி. (குடும்ப வைத்தியர்) ஸ்கான் தேவையில்லை என்று பிசியோவுக்குப் பதிந்துவிட்டார், அழைப்பு இன்னும் வரவில்லை. போன மாதம் சென்னைக்குப் போனபோது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கூட வேலை செய்பவர் சொல்லி ஒஸ்டியோபதி கிளினிக் ஒன்றுக்கு ஃபோன் செய்தேன். 12 தடவைக்கு முன்கூட்டியே காசு கட்டினால் கழிவு உண்டாம். இவர்கள் வைத்தியர்களா, எங்கள் ஊர் முறிவு நெரிவு வைத்தியம் போலவா? முதுகை முறிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. உடுப்புக் கழற்ற வேண்டுமா? 71 வயது அம்மாவுக்கும் கழுத்துப் பிடிப்பு. அவருக்கு நீரிழிவு, ஒஸ்டியோபொரோசிஸ் (எலும்பு அடர்த்திக் குறைவு), இரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் குளிசையும் எடுக்கிறார். அவரையும் கூட்டிப் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகலாம். ஆனால் 12 தடவைக்குக் காசைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். அம்மாவின் விஷயம் வேறு, அதைப் பின்னால் தனியாக எழுதுகிறேன்.

கால் வரை இறங்கும் வலி என்றபடியால் முதலில் ஒன்றைக் கேட்கிறேன். சலம் கழிக்க உட்கார்ந்தால் வரச் சிரமமா, அல்லது தெரியாமலே கசிகிறதா? மலசலகூடத்தில் துடைக்கும்போது அந்த இடம் மரத்ததுபோல் இருக்கிறதா? உட்துடையில், பெண்ணுறுப்பைச் சுற்றி விறைப்பு உண்டா? வலியோ விறைப்போ இரண்டு காலுக்கும் வந்துவிட்டதா? மலம் அடக்க முடியாமல் போகிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தால் ஒஸ்டியோபாத்தும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம், அன்றைக்கே ஏ அண்ட் ஈ (ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு). முள்ளந்தண்டின் அடியில் குதிரை வால்போல் தொங்கும் நரம்புக் கட்டு நசுங்குவதன் அடையாளங்கள் இவை. மணிக்கணக்கில் தாமதித்தாலே சலம் அடக்கும் சக்தி நிரந்தரமாகப் போகலாம். எங்கள் பெண்கள் வெட்கத்தில் வைத்தியரிடம் சொல்லத் தயங்கும் விஷயங்களும் இவைதான். ஏ அண்ட் ஈயில் வாய் திறந்து சொல்லுங்கள். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்குசெய்து தரும்.

காய்ச்சல், இரவில் வியர்த்து நனைதல், காரணமில்லாத மெலிவு, படுத்தாலும் திரும்பினாலும் குறையாத வலி, முன்பு எப்போதாவது புற்றுநோய் இருந்த வரலாறு, இவற்றோடு வரும் முதுகு வலியையும் கைவைத்தியத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் ஜீ.பி. தெற்காசியாவிலிருந்து வந்தவர்களிடம் காசநோய் அதிகம், அது நெஞ்சை விட்டு முள்ளந்தண்டிலும் தங்கலாம். இன்னொன்று வைட்டமின் டி குறைவு. இடுப்பு, துடை, விலா என்று பரவலாக எலும்பு நோகும், படி ஏறும்போது துடை சோரும். இதை யார் எத்தனை தடவை அமத்தினாலும் போகாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இந்த நாட்டில் கருமையான தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என்.எச்.எஸ். அறிவுரை.

இனி, இவர்கள் யார் என்பது. ஒஸ்டியோபதியை 1874இல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஆண்ட்ரு டெய்லர் ஸ்டில் என்ற வைத்தியர். 1892இல் மிசூரி மாநிலத்தின் கெர்க்ஸ்வில் என்ற ஊரில் முதல் கல்லூரி. அங்கே இந்தப் படிப்பு காலப்போக்கில் முழு மருத்துவப் படிப்பாக வளர்ந்துவிட்டது, அங்கே டி.ஓ. என்ற ஒஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர்கள் மருந்து எழுதுவார்கள், சத்திரசிகிச்சையும் செய்வார்கள். பிரித்தானியாவில் அப்படியில்லை. இங்கே ஒஸ்டியோபாத் என்பவர் நாலைந்து வருடம் படித்துப் பட்டம் பெற்ற கைச்சிகிச்சையாளர். மருந்து எழுத மாட்டார். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெனரல் ஒஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிந்தவர் மட்டுமே தன்னை ஒஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்ளலாம், பதியாமல் சொன்னால் குற்றம். பதிந்தவருக்குக் காப்புறுதி கட்டாயம், மூன்று வருடத்துக்கு 90 மணி நேரம் தொடர்கல்வியும் கட்டாயம். கவுன்சிலின் இணையத்தளத்தில் பெயரையோ தபால் குறியீட்டையோ போட்டால் பதிவு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் முறிவு நெரிவு வைத்தியருக்கும் இவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தப் பதிவும், தொடும் முன் நோயைப் பிரித்தறியப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும்தான். ஒரு கிளினிக்கின் பலகையில் 'பாக் ஸ்பெஷலிஸ்ட்', 'போன் செட்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கட்டாயம் எதுவும் அங்கே இருப்பவருக்கு இல்லை.

ஜீ.பி. கடிதம் வேண்டியதில்லை, நேரே பதியலாம். பெரும்பாலும் தனியார்தான். லண்டனில் ஒரு தடவைக்கு 50 பவுணைத் தாண்டும், முதல் தடவை நேரம் கூட, காசும் கூட. வேலையிடத்தில் தனியார் மருத்துவக் காப்புறுதி இருந்தால் போகும் முன் அவர்களிடம் அனுமதி எண் வாங்குங்கள். பின்னர் பில்லைக் கொடுத்தால் பல நிறுவனங்கள் திருப்பித் தராது.

இதற்கு எவ்வளவு பலன்? நாரி வலிக்கும் கால் நரம்பு இழுப்புக்கும் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் தந்த வழிகாட்டி, கைச்சிகிச்சையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. உடற்பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டும் என்பது அதன் நிபந்தனை. என் கருத்தும் அதுவே. கைச்சிகிச்சை சில நாளுக்கோ சில வாரத்துக்கோ வலியைத் தணித்து, அசையப் பயப்படும் உடம்பை அசைய விடுகிறது. அந்த இடைவெளியில் நீங்கள் நடக்கவும் பயிற்சி செய்யவும் தொடங்கினால் பலன் நிற்கும். கட்டிலில் படுத்து அமத்துவித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாய்ந்தால் நிற்காது. பயிற்சி எதுவும் தராமல் அனுப்பும் ஒஸ்டியோபாத் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

முதல் சந்திப்பு 45 நிமிடமாவது இருக்க வேண்டும், அதில் பாதி கேள்விகளிலேயே போகும். பிறகு உங்களைப் பரிசோதிக்கும் விதத்தைக் கவனியுங்கள். கால் வலியோடு வந்தவருக்கு நரம்பைச் சோதிக்காமல் முதுகைத் தொடுபவரிடம் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். முழங்காலின் கீழும் குதிநாணிலும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். முழங்கால் துடிப்பு நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் எல்4 நரம்போடு சேர்ந்தது, குதிநாண் துடிப்பு எஸ்1 நரம்போடு. பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி அவர் விரலால் கீழே அமத்துவார், இடது விரல் தோற்றால் எல்5 நரம்பு பலவீனம். ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்தச் சொல்வார், இடது காலில் நாலைந்து தடவைக்கு மேல் முடியவில்லை என்றால் எஸ்1 பக்கம் சந்தேகம். மல்லாந்து படுக்கவைத்து மடக்காத காலை மெல்லத் தூக்குவார், கெண்டைக்கால் வலி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்வார். இத்தனையும் பத்து நிமிட வேலை. பெருவிரலோ பாதமோ புதிதாகச் சோர்ந்து போயிருந்தால், நல்லவர் அன்று சிகிச்சையை நிறுத்தி உங்களைத் தாமதமின்றி ஜீ.பி.யிடம் அனுப்புவார்.

சென்னை ஸ்கானைக் கொண்டு போங்கள், ஆனால் அதைப் பார்த்து நடுங்காதீர்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், 20 வயதில் சுமார் 30 வீதம், 50 வயதில் சுமார் 60 வீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. தலைமயிர் நரைப்பதுபோல வயதோடு வருவது. பரிசோதனையில் தெரிவதும் ஸ்கானில் தெரிவதும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் அந்தப் பிதுக்கத்துக்கு அர்த்தம். ஜீ.பி. ஸ்கான் வேண்டாம் என்றது அலட்சியத்தால் அல்ல. நரம்பு பலவீனமோ மேலே சொன்ன ஆபத்து அடையாளங்களோ இல்லாதபோது ஸ்கான் சிகிச்சையை மாற்றாது என்பதால் வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது.

'இடுப்பெலும்பு விலகியிருக்கிறது, ஒரு கால் கட்டை, நான் திருப்பி வைக்கிறேன்' என்று சொல்வார்கள். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இடுப்பின் பின்மூட்டு ஓரிரு மில்லிமீட்டர்தான் அசையும், கையால் தொட்டு 'விலகல்' கண்டுபிடிப்பதில் இரண்டு நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. கால் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் சுகமானவர்களிடமும் சாதாரணம். இந்தப் பேச்சின் தீங்கு என்னவென்றால், உங்கள் முதுகு எந்த நேரமும் கழன்றுவிடும் ஒன்று என்று நம்பத் தொடங்கி, குனியப் பயந்து, மாதம் ஒருமுறை 'சரிசெய்ய'ப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அந்த 'டக்' சத்தத்துக்கு வருகிறேன். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயு இடைவெளி உண்டாகும் சத்தம் அது. எலும்பு முறிவதுமில்லை, ஏறி உட்காருவதுமில்லை. ஒருமுறை சத்தம் வந்த மூட்டில் சுமார் 20 நிமிடத்துக்கு மறுபடி வராது. நாரிக்குச் செய்யும்போது உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, தோளைப் பின்னால் திருப்பி, இடுப்பை முன்னால் இழுத்து, இறுகும் எல்லையில் நிறுத்தி, குறுகிய ஒரு வேகத் தள்ளல் கொடுப்பார். சத்தம் வராவிட்டால் பலனில்லை என்பதும் இல்லை. கால் நரம்பு இழுப்பு உள்ள உங்களுக்கு இந்த முறுக்கும் தள்ளலை முதல் தடவையே செய்ய வேண்டிய அவசியம் எதையும் நான் காணவில்லை. 'வேகத் தள்ளல் வேண்டாம்' என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பதிந்த ஒஸ்டியோபாத் அதை ஏற்றே ஆக வேண்டும், ஏனென்றால் சம்மதமில்லாமல் எதையும் செய்ய அவருக்கு அனுமதியில்லை. ஒருமுறை சரி என்று சொன்னாலும் இடையில் வேண்டாம் என்று நிறுத்தலாம்.

அதற்குப் பதிலாகச் செய்யக் கூடியவை நிறைய. தசையை நீளவாக்கில் இழுத்துப் பிசைவது, மூட்டை வலிக்காத எல்லைக்குள் மெல்ல மெல்ல ஆட்டுவது, பிறகு தசைச் சக்தி முறை என்று ஒன்று. இதில் வேலை உங்களுடையது. உதாரணமாக, மடக்கிய காலை அவர் கையை எதிர்த்து ஐந்து விநாடி தள்ளச் சொல்வார், முழுப் பலத்தோடு அல்ல, ஐந்தில் ஒரு பங்குதான். தளர்த்தியதும் கூடக் கிடைக்கும் அசைவை எடுத்துக்கொண்டு அந்தப் புதிய எல்லையிலிருந்து மறுபடி. மூன்று முதல் ஐந்து தடவை. பலர் இங்கே பிழைவிடுவது பலத்தில். நன்றாகத் தள்ளினால் நல்லது என்று நினைத்து முழுப் பலத்தையும் கொடுத்தால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் நோவு கூடும்.

மண்டையோட்டை மென்மையாகத் தொட்டு முள்ளந்தண்டுத் திரவத்தின் 'தாளத்தை' உணர்வதாகச் சொல்லும் முறையும், வயிற்றுறுப்புகளை அசைக்கும் முறையும் உண்டு. இவற்றுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பிள்ளைகளின் வயிற்றுக் குத்து, காது நோவு, ஆஸ்துமா என்று விளம்பரம் செய்தால் உங்கள் காசை அங்கே செலவழிக்காதீர்கள்.

உடுப்பு விஷயத்தில் கூச்சப்பட வேண்டாம், ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். முதுகும் கால்களும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தளர்ந்த அரைக்காற்சட்டையும் கையில்லாத பனியனும் கொண்டு போய் அங்கே மாற்றினால் போதும். உள்ளாடையோடு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாற்றும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது, மூடிக்கொள்ளத் துவாய் தர வேண்டும். பெண் ஒஸ்டியோபாத் கேட்கலாம், கூட ஒருவரை உள்ளே வைத்திருக்கலாம். குண்டித் தசையை அமத்துவது இந்த வலிக்குச் சாதாரணம், ஆனால் எங்கே, ஏன் தொடப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். விளக்கம் இல்லாமல் கை போனால் 'நிறுத்துங்கள்' என்று எழும்பி வாருங்கள். ஜெனரல் ஒஸ்டியோபதிக் கவுன்சில் முறைப்பாட்டை எடுக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் நோவு, களைப்பு, லேசான தலையிடி வருவது மிகச் சாதாரணம். கால் வலி கூடிக் கீழே இறங்கினாலோ, புதிதாக விறைத்தாலோ அது சாதாரணமில்லை, அடுத்த தடவையை நிறுத்திவிட்டு ஃபோன் செய்யுங்கள். முன்னேற்றத்தை அளக்க ஒரு வழி: முதல் நாளே மூன்று விஷயத்தைத் தாளில் எழுதுங்கள். எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, இரவில் எத்தனை தடவை வலியால் எழும்புகிறீர்கள், வலி காலில் எதுவரை போகிறது. கெண்டைக்காலில் இருந்த வலி துடைக்கு ஏறி, பிறகு நாரியில் மட்டும் நின்றால், நாரி முன்பைவிட நொந்தாலும் அது நல்ல அடையாளம். மூன்று நான்கு தடவைக்குள் இந்த மூன்றில் ஒன்றாவது அசையவில்லை என்றால் அதே சிகிச்சையைத் தொடர்வதில் அர்த்தமில்லை. 12 தடவைக்கு முன்பணம் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். உங்களைப் பார்க்காமலே 12 என்று எப்படித் தெரியும்?

வீட்டில் இப்போதே தொடங்கக் கூடியது: ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்காமல், நாளுக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம். பிறகு குப்புறப் படுத்து இரண்டு நிமிடம், முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தி இரண்டு நிமிடம், அது முடிந்தால் கையை ஊன்றி இடுப்பைத் தரையிலேயே விட்டு மேலுடம்பை மட்டும் பத்துத் தடவை உயர்த்திப் பாருங்கள். கால் வலி மேலே ஏறினால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை செய்யலாம். கீழே இறங்கினால் இந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லை, விட்டுவிடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு இழுப்பது பொருந்தலாம். பிசியோ வரிசையில் உங்கள் இடத்தை ரத்துச் செய்யாதீர்கள். பல இடங்களில் ஜீ.பி. நிலையத்திலேயே நேரடியாகப் பார்க்கும் பிசியோ இருக்கிறார், வரவேற்பில் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவின் கழுத்துக்கு வருகிறேன். கழுத்தில் வேகத் தள்ளல் அம்மாவுக்கு எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். அபிக்ஸபான் எடுப்பவருக்குத் திசுவில் சிறு கிழிசலும் பெரிய இரத்தக்கட்டாகலாம். எலும்பு அடர்த்தி குறைந்தவரைக் குப்புறப் படுக்கவைத்து மேல் முதுகில் அமத்தினால் விலா உடையலாம். கழுத்துத் திருகலுக்குப் பிறகு மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதிலும் அரிது, ஆனால் வந்தால் திருத்த முடியாதது. கழுத்துப் பிடிப்புக்கு அந்த ஆபத்தை ஏற்க ஒரு காரணமும் இல்லை. உட்கார்ந்தபடியோ ஒருக்களித்தோ தோள் தசையை மென்மையாகத் தளர்த்துவதும், தலையைத் தாங்கிக்கொண்டு மெல்ல அசைப்பதும் செய்யலாம். குளிசைகளின் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுங்கள், 'இரத்தக் குளிசை' என்று வாயால் சொன்னால் அவருக்கு விளங்காது.

ஆனால் கூட்டிப் போகும் முன் அம்மாவிடம் சிலதைக் கவனியுங்கள். சட்டை ஊசி, பொத்தான் போடத் தடுமாறுகிறாரா, கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவுகிறதா, நடை தள்ளாடுகிறதா? கழுத்தில் முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) நசுங்கும்போது வலியைவிட இவைதான் முதலில் தெரியும், நீரிழிவு விறைப்பு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படியிருந்தால் ஜீ.பி.யிடம்தான். திடீரென்று வந்த, இதுவரை இல்லாத மாதிரியான கழுத்து நோவோ தலையிடியோ, அதோடு தலைசுற்று, இரட்டையாகத் தெரிதல், வார்த்தை குழறல், விழுங்கச் சிரமம் என்று வந்தால் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள். நடு முதுகில் திடீர் வலி, கூனல், உயரம் குறைதல் என்றால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் தொடக் கூடாது. சுடுநீர்ப் பை கழுத்துக்குச் சுகம்தான், துவாய் சுற்றிப் பதினைந்து நிமிடம். நீரிழிவுக்காரரின் காலில் மட்டும் வைக்க வேண்டாம், விறைத்த தோல் வெந்தாலும் தெரியாது. ஒஸ்டியோபொரோசிசுக்கு வாராந்தக் குளிசையாக அலென்ட்ரோனிக் அசிட் எடுக்கிறார் என்றால், விழுங்கி அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அந்தக் காலையில் சந்திப்பு வைக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் வேலை. ஆளைத் தூக்கும் வேலைக்கு இந்த நாரியோடு போகிறீர்கள் என்றால் எத்தனை சிகிச்சையும் ஓட்டைப் பானைதான். 1992இன் கைத்தூக்கு விதிகளின்படி ஆபத்தான தூக்கலைத் தவிர்க்க ஒழுங்கு செய்வது முதலாளியின் கடமை. ஹொயிஸ்ட் (ஆளைத் தூக்கும் இயந்திரம்), சறுக்கும் விரிப்பு, இரண்டு பேராகத் தூக்குதல் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள், ஒக்குபேஷனல் ஹெல்த் (வேலையாட்களின் உடல்நலத்தைப் பார்க்கும் பிரிவு) இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். வேலைக்குப் போக முடியாத சுகவீனத்தை ஏழு நாள் வரை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஃபிட் நோட் (வேலைக்கு உகந்த நிலை பற்றிய மருத்துவச் சான்று) வேண்டும். ஒஸ்டியோபாத் அதில் கையெழுத்திட முடியாது, 2022 ஜூலையிலிருந்து ஜீ.பி. நிலையத்துப் பிசியோவும் தாதியும் எழுதலாம். 'மாற்றியமைத்த வேலை' (amended duties) என்ற பெட்டியில் அடையாளமிட்டு, தூக்குவதைத் தவிர்க்க வேண்டும் என்று குறிப்பும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.